தோட்டுக்கு மேலே ஹெட்போன்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் காது என்பது முதலில் நகை போடுவதற்கு. கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் காது கேட்குமா என்று யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்க்க வந்த என் மாமியாருக்கு, கேட்காத காதாக இருந்தால் இன்னும் நல்லது என்றுகூடத் தோன்றியிருக்கலாம். (அவர் பேசியதைப் பல வருடம் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர் நினைப்பில் தப்பில்லை.)

என் காதில் இருப்பது ஏழு கல் தோடு. கெட்டி வேலை. அதன் கீழே ஜிமிக்கி, அதிலிருந்து மேலே தலைமுடிக்குப் போகிற மாட்டல். ஜிமிக்கியையும் மாட்டலையும் விசேஷத்துக்குப் போட்டு விசேஷம் முடிந்தால் கழற்றுவேன். தோடு அப்படியில்லை. கல்யாணத்தன்று மாமியார் கையால் திருகியது. திருகாணி திருகிய இடத்திலேயே இருந்தது.

அந்தக் காதின் மேல் ஒரு ஹெட்போனை மாட்டப் போய் நடந்ததை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல எனக்கு வயது கூடுகிறது, குரல் தேய்கிறது. ஆகவே நடந்தது நடந்தபடி நானே சொல்லிவிடுவது நல்லது.

என் தம்பி மகள் நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில், கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை மணையில் உட்கார வைத்து மஞ்சளும் சந்தனமும் பூசி நலங்கு வைக்கும்போது, அத்தைதான் பாட வேண்டும். இது யார் போட்ட சட்டம் என்று தெரியாது. நான் அத்தையான நாளிலிருந்து இதுதான் சட்டம். நான் வாயைத் திறந்தால் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். "கரண்டு கேக்காத ஸ்பீக்கரு" என்பார் என் வீட்டுக்காரர். அதை நான் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கு முந்தின வருடம், சொந்தத்தில் ஒரு நலங்கில், இரண்டாவது பாட்டின் நடுவே எனக்கு இருமல் வந்துவிட்டது. வெறும் இருமல்தான். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்வதற்குள், நான் விட்ட இடத்திலிருந்து வேறொரு குரல் பாட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது ராஜேஸ்வரி. நித்யாவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. அதாவது நித்யாவுக்குச் சித்தி. கோயிலில் தேவாரம் பாடுகிற பெண்கள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவள். பாட்டு முடிந்ததும் பெண்டுகள் அவளிடம், "நல்லா இருந்துச்சு ராஜேஸ்வரி" என்றார்கள். என்னிடம், "இஞ்சி தட்டிப்போட்டுக் குடிங்க" என்றார்கள்.

அதிலிருந்து, நித்யா நலங்கில் சித்தியே பாடட்டுமே என்று ஒரு பேச்சு வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியது. என் முன்னால் யாரும் பேசவில்லை. நான் உள்ளே போனால் எல்லாரும் திடீரென்று முறுக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள்.

நித்யாவின் அண்ணன் பிரபுதான் ஒரு வழி கண்டுபிடித்தான். ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற பட்டுக்கடை விளம்பரம், கோயில் திருவிழா அறிவிப்பு, இப்படிப்பட்டவற்றுக்குக் குரல் கொடுக்க வைத்துப் பதிவு செய்வது அவன் தொழில். எங்கள் தெருவிலேயே இருக்கிற தம்பி வீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்து வைத்திருந்தான்.

"அத்தே, நீங்க என் ரூமுக்கு வந்து ஒவ்வொரு அடியா பாடுங்க. இருமல் வந்தா நிறுத்திக்கலாம், அப்பால ஒட்டிக்கலாம். நலங்கு அன்னிக்கு ஸ்பீக்கர் பாக்ஸ்ல போட்டுடறேன்."

"எனக்கு இன்னாத்துக்குடா ஒட்டு? நான் இன்னா அறுந்த இழையா?"

"சும்மா ஒரு சேப்டிக்குத்தான். பாடறது நீங்கதான். சித்தி வெறும் கோரஸ்."

"கோரஸ்னா?"

"நீங்க பாடி முடிச்சதும் பின்னாடி வர்றது."

பின்னாடி என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. ஒத்துக்கொண்டேன்.

அமாவாசையன்று பதிவு என்று முடிவாயிற்று. அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மற்ற நாளில் அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்தில் மைக்கைத் திறக்கவே முடியாது என்றான் பிரபு. அடுத்த அமாவாசைக்குள் கல்யாணமே முடிந்துவிடும். இருந்தது அந்த ஒரு நாள்தான்.

நான் தலைக்குக் குளித்து, அரக்குப் பட்டு கட்டி, கொண்டை போட்டு, கொண்டையைச் சுற்றி மல்லியும் கனகாம்பரமும் வைத்து, ஜிமிக்கி, மாட்டல் எல்லாம் பூட்டிக்கொண்டு போனேன். "ரேடியோவுல பாடறவங்கள யாரும் பாக்க முடியாது" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார். 

மாடியில் உள் அறையில் மைக் இருந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து வைத்திருந்தான். வெளி அறையில் அவனும் கம்ப்யூட்டரும். நடுவில் கதவும் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னலும். அவன் வெளியிலிருந்து பேசினால் உள்ளே இருப்பவருக்கு ஹெட்போனில்தான் கேட்கும். ராஜேஸ்வரி வெளி அறையில், சன்னலுக்குத் தெரியாத மூலையில், வெந்நீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். சின்னத் தோடு, காட்டன் புடவை. (எதற்கு வந்திருக்கிறாள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

ஹெட்போன் ஒரு பெட்டியில் இருந்தது. உள்ளே வெல்வெட். பெட்டியைத் திறந்தபோது நகைதான் எடுக்கிறான் என்று நினைத்தேன். கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் அதிரசம் அளவுக்குத் தோல் மெத்தை, நடுவில் வளைந்த இரும்புப் பட்டை. அதைத் தொடுவதற்கு முன் பிரபு கையைத் துடைத்துக்கொண்டான்.

"உலகத்துலயே நல்லதுல ஒண்ணு அத்தே. நாள் பூரா போட்டுக்கினு இருந்தாலும் போட்டதே தெரியாதாம்."

"யாரு சொன்னது?"

"போட்டவங்க."

"அவங்க காதுல இன்னா போட்டிருந்தாங்க?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. அதைச் செய்தவனும் யோசித்திருக்கவில்லை என்பது தலையில் வைத்தவுடன் தெரிந்தது. எவனோ ஒரு மொட்டைத் தலையனை முன்னால் உட்கார வைத்து அளவெடுத்திருக்கிறான். எங்கள் தெருவில் ஆளைப் பார்க்காமல் ஒரு ரவிக்கை தைக்க மாட்டார்கள்.

பட்டை பூவின் மேல் உட்கார்ந்து கனகாம்பரம் உதிர்ந்தது. பூவை எடுத்தோம். ஜிமிக்கி மெத்தையில் மோதி ஆடியது. "அத்தே, மாட்டு வண்டி போவற மாதிரி கேக்குது" என்றான். ஜிமிக்கியைக் கழற்றினேன். மாட்டல் பட்டையில் மாட்டி முடியைப் பிடித்து இழுத்தது. அதையும் கழற்றினேன். மூக்குக்கண்ணாடியின் காம்பு இடையில் வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம், கண்ணாடி போட்டுப் படிக்க அங்கே ஒன்றுமில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் கழற்ற மாட்டேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கழற்றினேன். அலங்காரம் கலைத்த உற்சவர் மாதிரி நின்றேன்.

அப்போதும் அது உட்காரவில்லை. தோடு தடுத்தது. அளவு தப்பிய மூடியைப் பானையில் வைத்ததுபோல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே ஓடுகிற தாளம் அந்தச் சந்தில் கசிந்து மைக்கில் விழுகிறதாம். பிரபு உள்ளே வந்து என் காதைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அத்தே, தோட்டையும் கொஞ்சம்..."

"அமாவாசையும் அதுவுமா, நலங்குப் பாட்டு பாட வந்தவள மூளிக் காதோட நிக்கச் சொல்றியா? உங்க மாமா கல்லு மாதிரி இருக்கறது உனக்குப் புடிக்கலியா?"

திறந்திருந்த கதவு வழியாக வெளி அறையிலிருந்து ராஜேஸ்வரியின் குரல் வந்தது. "அக்கா சொல்றது நியாயம்தான்டா. சுமங்கலி, தோட்டைக் கழட்டக் கூடாது. வேணும்னா நானே பாடிடறேன். எனக்கு ஒண்ணும் தடுக்காது."

அந்த நியாயம் எனக்குள் இறங்கிய விதத்தைச் சொல்ல முடியாது. நான் நேராகக் கீழே போனேன். தறி இருக்கிற அறையில் ஒரு கூடை நிறைய கழிவுப் பட்டு நூல் கிடந்தது. குடம் தூக்குகிறவள் தலைக்குச் சும்மாடு வைக்கிறாள். அதுபோல் காதுக்கு ஒரு சும்மாடு. இரண்டு வளையம் சுருட்டி, தோட்டைச் சுற்றி வைத்து, அதன் மேல் ஹெட்போனை மாட்டி, நான்கு இழையைச் சேர்த்து முறுக்கி, பட்டையோடு சேர்த்துத் தாடைக்கு அடியில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். சந்து அடைந்தது. எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பிரபு வெகு நேரம் பார்த்தான். "பல்லு புடுங்கினவங்க மாதிரி கீறீங்க அத்தே."

"பாட்டைப் போடு."

முடிச்சு இறுகியதில் இரண்டு பக்கத்துத் திருகாணியும் காதுக்குப் பின்னால் எலும்பில் இறங்கின. முதல் அடியிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. வலிக்கிறது என்று சொல்லலாம் என்றால் வெளியே ராஜேஸ்வரி இருந்தாள். சொல்லவில்லை. பாடினேன். தாடை கட்டுண்டு கிடந்ததால் வாய் முழுதாகத் திறக்கவில்லை. மகராசி என்று நான் பாடியது மெகெரெசி என்று வந்தது. சும்மாடு இருக்கிற காதில் தாளம்கூடச் சரியாக விழவில்லை. அது ஒரு தெருவில் போக, நான் ஒரு தெருவில் போனேன்.

பிரபு கதவைத் திறந்து வந்தான். "அழுவாதீங்க அத்தே. நித்யா இன்னும் வீட்டுலதான் கீறா."

"பாசம்டா" என்றேன். வேறு என்ன சொல்வது?

எத்தனை தடவை பாடினேனோ. மதியம் சாய்ந்துவிட்டது. கடைசியில் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மிகவும் மெல்லச் சொன்னான்: "அத்தே, இது ஆவல. சித்தி பாடட்டும்."

அவன் அதை மரியாதையாகத்தான் சொன்னான். அதனால்தான் தாங்கவில்லை. நான் தோட்டைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு, "உங்க சித்திய வரச் சொல்லு. தேங்காய் எண்ணெய் எடுத்துக்கினு வரச் சொல்லு" என்றேன்.

ராஜேஸ்வரி வந்து, முடிச்சைப் பிரித்து, சும்மாட்டை எடுத்துக் கீழே வைத்தாள். காதின் பின்பக்கத்தைப் பார்த்து, "அய்யோ" என்றாள்.  திருகாணியில் எண்ணெய் விட்டு, ஊற விட்டு, முந்தானையால் பிடித்துத் திருகினாள். அது இலேசில் வரவில்லை. அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. ஒரு தோடு வந்ததும், காதுத் துளை வெறுமையாக நிற்கக் கூடாதென்று, கேட்காமலே ஒரு வேப்பங்குச்சியை உடைத்துச் செருகினாள். மற்றதற்கும் அப்படியே. தோடு இரண்டையும் தன் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள்.

அந்த நேரம் அவள்மேல் எனக்கு இருந்த நன்றி நீடித்திருக்க வேண்டும். ஒரு பாட்டு நேரம்கூட நீடிக்கவில்லை.

ஹெட்போன் இந்த முறை உட்கார்ந்தது. குளத்தில் முங்கினதுபோல் எல்லாம் நின்றது. தெருச் சத்தம், விசிறிச் சத்தம், என் வளையல் சத்தம், ஒன்றுமில்லை. காது இரண்டையும் யாரோ நல்ல மனுஷி உள்ளங்கையால் பொத்திப் பிடித்த மாதிரி இருந்தது. இதற்குத்தான் இவ்வளவு பாடு என்றால் பட்டது சரிதான் என்று தோன்றியது. தாளம் வந்தது. நான் பாடத் தொடங்கினேன்.

மஞ்சள் அரைச்சு வெச்சேன், மகராசி முகம் பூச...

என்னோடு கூடவே ஒருத்தி பாடினாள்.

கரகரத்த குரல். நான் நீட்டுகிற இடத்தில் அவளால் நீட்ட முடியவில்லை. அடி முடிகிற இடத்தில் காற்றுப் போன சைக்கிள் மாதிரி இறங்கியது. நான் பெரிய மனது பண்ணி அடுத்த அடிக்குப் போனேன். அவளும் வந்தாள். எனக்கே உரிய அந்தச் சின்னக் குழைவு ஒன்று உண்டு, அதையும் போட்டுப் பார்த்தாள். போட்டு, தவறவிட்டாள். அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. மைக்குக்கு முதுகைக் காட்டி, சன்னல் பக்கம் திரும்பினேன்.

"பிரபு, உங்க சித்தியக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுப்பா. கோரஸ்னா பின்னாடி வரணும், கூடவே தொத்திக்கினு வரக் கூடாது. சுருதி இல்ல, மூச்சு இல்ல. படி எறங்கற கெழவி மாதிரி ஒவ்வொரு அடிக்கும் சுவத்தப் புடிச்சிக்கினு... பாடத் தெரியலன்னா வாய மூடிக்கினு இருக்கணும்."

காது அடைத்திருக்கும்போது நாம் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று நமக்குத் தெரியாது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தவர்களுக்குக் கேட்டதாம்.

கதவு திறந்தது. ராஜேஸ்வரி நின்றாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. தொண்டைக்கு இதமாக வாய் நிறைய வெந்நீர் வைத்திருந்தாள். வாயில் வெந்நீர் வைத்துக்கொண்டு யாரும் பாட முடியாது.

"சித்தி வாயே தெறக்கல அத்தே" என்றான் பிரபு, காதுக்குள்.

"அப்ப யாரு?"

"மைக்கப் பாத்து எதுனா பேசுங்க."

நான் மைக் பக்கம் திரும்பினேன். "இன்னாத்துக்குப் பேசணும்?"

இன்னாத்துக்குப் பேசணும், என்றாள் காதுக்குள் கிழவி.

நான் நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். யாருடி நீ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவளும் அதையே கேட்பாள் என்பது அதற்குள் புரிந்துவிட்டது.

என் குரலை அதுவரை நான் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. கல்யாண வீடியோக்களில் என் வாய் அசைவது தெரியும். மேலே சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். உள்ளுக்குள் நான் கேட்டுக்கொண்டிருந்தது எப்போதோ நான் மணப்பெண்ணாக மணையில் உட்கார்ந்திருந்த காலத்துக் குரல். அது மாறவே இல்லை. மற்றவர்களுக்குக் கேட்டது வேறு. அதை அவர்கள் எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டு, எனக்கு இஞ்சி சொல்லிக்கொண்டு இருந்தார்கள் என்று தெரியவில்லை.

ராஜேஸ்வரி வெந்நீரை விழுங்கினாள். "கெழவின்னு சொன்னப்பவே அது நான் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு அக்கா. எனக்கு இன்னும் அம்பத்தஞ்சு ஆவல."

ஆறுதல் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அவள் கணக்கு சொன்னாள். அது தேவலை. முந்தானையை அவிழ்த்து, என் தோட்டைத் திரும்பப் போட்டுவிட்டாள்.

"நீயே பாடு" என்றேன்.

"எனக்கு மொத ரெண்டு பாட்டு மட்டும்தான் முழுசாத் தெரியும். மத்ததெல்லாம் நீங்க பாடக் கேட்டது. நடுவுல விட்டுப்போவும்."

ஆகவே அவள் பாடினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுத்தேன். ஹெட்போன் அவள் தலையில், பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் சுவரில் இருந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நலங்கு நாள் வந்தது. தம்பி வீட்டுக் கூடத்தில் நித்யா மணையில் இருந்தாள். பாக்ஸில் ராஜேஸ்வரியின் குரல். நான் நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கன்னத்தில் மஞ்சளோடு நித்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தே, இது சித்தி குரலாச்சே. நீங்க பாடலியா?"

"தொண்ட கட்டிக்கிச்சுமா."

சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டபடியே ராஜேஸ்வரி சொன்னாள்: "தொண்டயெல்லாம் ஒண்ணும் இல்ல. பாடத் தெரியலன்னா வாய மூடிக்கினு இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. சொன்னபடி இருக்காங்க."

விஷயம் தெரியாத பெண்டுகள் சிரித்தார்கள். விஷயம் தெரிந்த பிரபு சிரிக்கவில்லை. ராஜேஸ்வரியும் சிரிக்கவில்லை. பாக்ஸை நிறுத்தச் சொல்லி அவனுக்குக் கண்ணைக் காட்டினாள். கூடம் அமைதியானது. விரலில் சந்தனத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வேண்டுமென்றேதான் செய்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன். எதற்காகச் செய்தாள் என்பதை அவளிடம் நான் கேட்டதில்லை.

நான் பாடினேன். கோபத்தில்தான் தொடங்கினேன். எப்படிக் கேட்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். எந்த இடத்தில் இறங்கும், எந்தக் குழைவு தவறும் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் பாடினேன். அது இறங்குகிற இடத்தில் இறங்கட்டும் என்று விட்டேன். நித்யா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டிய இடத்தில் ராஜேஸ்வரியைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவள் அந்த அடியை வாங்கிப் பாடிவிட்டு, அடுத்த அடியில் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கடைசிப் பாட்டு வரை அப்படியே போனோம்.

கோபத்தில் என் காதில் விழவில்லை, ஆனால் முதுகைக் காட்டியும் மைக் என்னை விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பதிவன்று நான் திட்டியதைப் பிரபு வெட்டியெடுத்துத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துவிட்டான். "உங்க சித்தியக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுப்பா" என்று தொடங்கும். அவன் எடுக்கும் வரை நான் திட்டிக்கொண்டே இருப்பேன்.

போன மாதம் நித்யாவின் வளைகாப்புக்குப் புடவை எடுக்க நானும் ராஜேஸ்வரியும் பிரபுவும் கடைக்குப் போயிருந்தோம். புடவையை விரித்துப்போட்டுக் காட்டிக்கொண்டிருந்த கடைக்காரர், பிரபுவின் சட்டைப்பையிலிருந்து நான் திட்டுவதைக் கேட்டுக் கையை நிறுத்தினார்.

"யாருங்க அது, இந்தப் போடு போடறது?"

நான் புடவைக் கரையைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

"எங்க அக்கா" என்றாள் ராஜேஸ்வரி. "பாட்டுக்காரங்க. அவங்க குரல் எடுத்ததுலயே இதுதான் சுருதி சுத்தமா விழுந்திருக்குது."